நாய்க்கு வேகும் கறுப்பு

பெரிய கொப்பரையில் கனிஷாய் நாய்க்குக் கூழ் காய்ச்சுகிறாள் என்ற சேதி, கூழ் கொதி வருவதற்குள் தெருக்கோடிவரை போய்விட்டது. கொண்டுபோனவள் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி ஊல்கான்தான். வாய்க்காலில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் மொள்ளப் போகிற வழியில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாளி இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னடி, காலங்காத்தால பெரிய கொப்பரை ஏறியிருக்கு? யாரு விருந்தாளி?"

"விருந்தாளி யாரும் இல்லக்கா. உச்சாருக்குத்தான்."

ஊல்கான் கொப்பரைக்குள் குனிந்தாள். ஆட்டு நுரையீரல் துண்டுகள் நுரையோடு மேலே மிதந்தன. கனிஷாய் வறுத்த பார்லி மாவைக் கையால் தூவிக்கொண்டே நீளக் கரண்டியால் கிளறினாள்.

"உன் புருஷன் டீ குடிச்சானா?"

"இன்னும் எந்திரிக்கல."

"புருஷனுக்கு டீ வைக்கறதுக்கு முன்ன நாய்க்கு உலை வைக்கிற பொம்பளைய இந்த மலையில இப்பத்தான் பாக்குறேன். நாளைக்கு அதுக்குப் பந்திவிரிப்பு விரிச்சு, கைகழுவத் தண்ணி ஊத்துவியா?"

"ஊத்தினா உங்களையும் கூப்பிடறேன்க்கா. பக்கத்துல உக்காந்து சாப்பிடலாம்."

ஊல்கானின் மூக்கு நுனி சிவந்தது. திரும்பிப் போனாள். வாய்க்காலுக்குப் போகவில்லை. நேரே குதிரைக் கொட்டிலுக்குப் போனாள். அங்கேதான் மாமனார் போர்தோஷ் இருந்தார்.

கிழவர் வந்தார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். வேட்டைக்காரர். அவர் பின்னாலேயே உச்சார் வந்தது. ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் காதில் தொங்கும் மயிருமாக, மலைச் சரிவில் நரியை ஓடவிட்டுப் பிடிக்கிற ஜாதி நாய். போர்தோஷ் நேராக அடுப்படிக்கு வந்தார். கோட்டின் கையை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டார். கொப்பரையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினார். முற்றத்துப் பனியில் கவிழ்த்தார். ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியது. உச்சார் வந்து மோந்து பார்த்தது. சூடு மூக்கில் பட்டதும் தும்மிவிட்டு நகர்ந்தது.

"பாத்தியா?" என்றார். "நாய்க்கே மானம் இருக்கு."

"சூடு ஆறட்டும் அதா. அப்புறம் தின்னும்." மாமனாரை அவள் 'அதா', அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவாள்.

"என் பொஞ்சாதி இந்தக் கொப்பரையில மூணு கல்யாணத்துக்குக் கறி வேக வெச்சா. அவ சாவுக்கு வந்த சனமும் இதுலதான் தின்னுது. நாய் எச்சிக்கு இதை இன்னொரு தடவை தொட்டே..." அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொப்பரையைத் தானே தேய்க்க உட்கார்ந்தார். மருமகள் இருக்கும்போது மாமனார் பாத்திரம் தேய்ப்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று அவருக்குத் தெரியும். வேலிக்கு அந்தப்பக்கம் ஊல்கான் நிற்பதும் தெரியும்.

கனிஷாய்க்கு வலது விலாவுக்குக் கீழே, பாவாடை நாடா உராயும் இடத்தில், ஒரு தழும்பு இருந்தது. அந்த வருஷம் பனி உருகுகிற காலத்தில் நகரத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, அவள் கல்லீரலிலிருந்து கோழிமுட்டை அளவு நீர்க்கட்டி ஒன்றை எடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு அப்படியே மனப்பாடம். ஆட்டுக் கல்லீரலிலும் நுரையீரலிலும் வெள்ளையாகக் கொப்புளம் இருக்கிறதல்லவா, அதை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் கண்ணுக்குத் தெரியாத புழு வளரும். முட்டை நாயின் கழிவில் வந்து மயிரில் ஒட்டும். நாயைக் கட்டிக்கொள்கிற பிள்ளை அந்தக் கையை வாயில் வைத்தால் போதும். "நாய் மேல தப்பு இல்லம்மா. நீங்க போடற சாப்பாட்டுலதான் தப்பு. நல்லா வேக வெச்சுப் போடுங்க. புழு மாத்திரை குடுங்க. அது பாட்டுக்கு நல்லா இருக்கும், உங்க பிள்ளையும் நல்லா இருக்கும்."

பிள்ளை என்றால் ஜிபெக். ஐந்து வயது. உச்சாரின் விலாவில் தலை வைத்துத் தூங்குகிறவள். தன் ரொட்டியை அதற்கு ஒரு கடி கொடுத்து, மிச்சத்தைத் தான் தின்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே கனிஷாய் அவளைக் கூட்டிப்போய் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்திருந்தாள். ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லை அப்படியே இருக்க வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் அதைக் கேட்பதற்கு அந்த வீட்டில் அவளுக்கு ஒரு சொல் இல்லை.

அவர்கள் மொழியில் கல்லீரலுக்குப் 'போர்' என்று பேர். ஒரே வயிற்றில் பிறந்த உறவையும் 'போர்' என்றுதான் சொல்வார்கள். ஐந்து பிள்ளைகளைச் சாகக் கொடுத்த ஒரு தாய், ஆறாவதாகப் பிறந்தவனாவது உறவாகத் தங்கட்டும் என்று போர்தோஷ் என்று பேர் வைத்தாள். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. பேர் மட்டுமல்ல, பேரின் சாயலுள்ள சொல்லும் வாயில் வரக் கூடாது. ஆகவே கல்யாணமாகி வந்த நாள் முதல் கனிஷாய் கல்லீரலைக் 'கறுப்பு' என்றாள். 'கறுப்பை வறுக்கட்டுமா அதா?' 'கறுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கு அக்கா.' யாருக்கும் புரியாமல் இல்லை. ஊல்கானும் அப்படித்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கட்டிலில் படுத்தபடி கனிஷாய், "இனிமே நாய்க்குக் கறுப்பைப் பச்சையாப் போடாதீங்க. மத்த குடலு கிடலும் வேண்டாம்" என்று சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் ஆடு அறுத்தபோது போர்தோஷ் கல்லீரலை ஒதுக்கி வைத்துவிட்டு, நுரையீரலை முழுசாகத் தூக்கி உச்சாரிடம் போட்டார்.

"அதா, அதுவும்தான்..."

"எது? நீ கறுப்புன்னுதானே சொன்னே. இது கறுப்பா? ரோசாப்பூ மாதிரி இருக்கு."

அது தெரியாத்தனமா குதர்க்கமா என்று அன்றைக்குக் கனிஷாய்க்குப் பிடிபடவில்லை. இலையுதிர் காலம் வருவதற்குள் பிடிபட்டுவிட்டது.

கொப்பரை கவிழ்ந்த பிறகு அவள் ஒரு பழைய தகர வாளியைத் தேடி எடுத்தாள். மூன்று கல் கூட்டி, வறட்டி வைத்து, முற்றத்து மூலையில் நாய்க்குத் தனி அடுப்பு போட்டாள். நுரையீரலைக் கிழித்துப் பிளந்து போட்டாள். முழுசாகப் போட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருக்கும். உப்பு போடவில்லை, வெங்காயம் போடவில்லை. வெந்த எலும்பு உடைந்து தொண்டையில் குத்தும் என்று எலும்பையும் போடவில்லை. ஊல்கான் அதற்கும் சிரித்தாள். "எலும்பு போடாம நாய் வளக்கறாளாம். பல்லுக்குத் தங்கம் கட்டிவிடு."

உச்சார் தின்னவில்லை. அதுதான் கனிஷாயைத் தின்றது. பச்சை இரத்தம் ருசித்த நாக்கு. கூழை மோந்து, அவள் முகத்தைப் பார்த்து, போய்ப் படுத்துக்கொண்டது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிய ஆரம்பித்தது.

"வேட்டைக்காலம் வருது," என்றார் கிழவர், ரொட்டியைப் பிட்டு டீயில் தோய்த்தபடி. மருமகளிடம் அல்ல, மகனிடம். "பச்சைக்கறி தின்னாத நாய்க்கு மூக்கு அவிஞ்சு போகும். நரி முன்னாடி போனா 'போயிட்டு வாங்க'ன்னு வாலாட்டும். ஒரு நோஞ்சான் பொம்பளைக்கு வவுத்துல கட்டி வந்துச்சுன்னு என் நாய் பட்டினி கெடக்கணுமா?"

கனிஷாயின் புருஷன் மெலிஸ் தலை நிமிரவில்லை. நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் தூங்கத்தான் ஆசைப்படுவான். அப்பா வெளியே போனதும் பெண்டாட்டியிடம் சீறினான்.

"ஊர்ல என்னை என்ன சொல்றாங்க தெரியுமா? நாய்ச் சமையக்காரி புருஷன்."

"சொல்லட்டும்."

"உனக்கென்ன, சொல்லட்டும்னுடுவே. தினம் ஒரு சண்டை. ஒரு தோட்டா போதும். நாயை முடிச்சிட்டா சண்டையும் முடியும்."

"அந்தப் பேச்சே வேணாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நான் படுத்துக் கிடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"லாரியில. வேற எங்க?"

"உங்க நாய் என் காலடியில இருந்துச்சு. அதுக்குச் சோறு மாத்துங்கன்னுதான் கேக்கறேன். உசுரை எடுங்கன்னு கேக்கல."

அவன் கதவை அறைந்துகொண்டு போனான்.

தகர வாளியில் அவள் விதவிதமாக முயன்று பார்த்தாள். பால் ஏட்டை விட்டாள். மோர் விட்டாள். கடைசியில் ஆட்டு வால்கொழுப்பைச் சின்னதாக நறுக்கி உருக்கி, பார்லி மாவை அதில் சிவக்க வறுத்து, வெந்த நுரையீரலையும் வேகவைத்த சாறையும் சேர்த்துக் கிளறிய அன்றைக்கு, வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. மெலிஸே ஜன்னலைத் திறந்து, "என்ன அது, எனக்கா?" என்றான். உச்சார் வாளிக்குள் தலையை விட்டது. எடுக்கவே இல்லை. நக்கி நக்கி வாளி முற்றத்தில் உருண்டது. ஜிபெக் கைதட்டிச் சிரித்தாள். கொட்டில் வாசலில் நின்ற போர்தோஷ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாயைக் கொழுக்கவிட்டுக் கெடுக்கறா," என்று சொல்லி உள்ளே போனார். மெலிந்தாலும் குற்றம், கொழுத்தாலும் குற்றம். கனிஷாய் புழு மாத்திரையைக் கொழுப்புருண்டைக்குள் வைத்து உச்சாரின் வாயில் போட்டாள்.

தரை இறுகி, விழுந்த பனி உருகாமல் நிலைத்த பிறகு, குளிர்காலத்துக்கான கறி வெட்டும் நாள் வந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் கத்தியோடு வந்தார்கள். பெண்கள் குடல் கழுவ வெந்நீர் போட்டார்கள். பெரிய கொப்பரை ஏறியது, மனிதர்களுக்கு. அறுப்பதில் கைதேர்ந்த ஈசாபெக் முழங்கைவரை சட்டையைச் சுருட்டியிருந்தான். முதல் ஆட்டின் கல்லீரல் கண்ணாடி போலிருந்தது. அதை வறுவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். கனிஷாய் அவன் பக்கத்திலேயே ஒரு தட்டோடு நின்றாள். நாய்க்கென்று ஒதுக்கியதையெல்லாம் தட்டில் வாங்கிக்கொண்டாள்.

"உன் கொழுந்தன் பொண்டாட்டி போலீஸ்காரி மாதிரி நிக்கிறாளே," என்றான் ஈசாபெக் ஊல்கானிடம்.

"அவளுக்கு எங்க மேல நம்பிக்கை கிடையாது. நாங்கல்லாம் அழுக்கு. டவுன் டாக்டர்தான் சுத்தம்."

மூன்றாவதாகக் கிழட்டுப் பெட்டை ஆடு. வயிற்றைத் திறந்து கல்லீரலை எடுத்தவன் உதட்டைப் பிதுக்கினான். திராட்சைக் குலை போல வெள்ளைக் கொப்புளங்கள். நடுவில் ஒன்று முட்டையளவு, உள்ளே தண்ணீர் தளும்பியது.

"இது மனுஷனுக்கு ஆகாது. நாய்க்குப் போடு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மலையில் எல்லோரும் எப்போதும் அப்படித்தான் சொன்னார்கள். எறிவது பாவம், மனிதன் தின்ன முடியாததை நாயாவது தின்னட்டும். நல்லதை மனிதனுக்கும் கெட்டதை நாய்க்கும் வைத்த சிக்கனம், சுற்றிக்கொண்டு மனிதன் வயிற்றுக்கே வந்து சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை.

கனிஷாய் தட்டை நீட்டினாள். அதற்குள் போர்தோஷ் வாங்கிக்கொண்டார்.

"அதா, குடுங்க. அதை நெருப்புல போடணும்."

"எதை?"

"அதான்... கறுப்பை."

கிழவர் உள்ளங்கையில் அதைத் தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் காட்டினார். "கறுப்பா? ஏ ஈசாபெக், இது உன் கண்ணுக்குக் கறுப்பாத் தெரியுதா? முத்து கோத்த மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு."

சிரித்தார்கள். ஊல்கான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"எதைப் போடக் கூடாதுன்னு பேர் சொல்லிச் சொல்லு மருமவளே," என்றார் போர்தோஷ். அவளால் முடியாது என்று தெரிந்து கேட்ட கேள்வி. "எல்லாரும் கேக்கட்டும். உங்கப்பன் சம்பந்தம் பேச வந்தப்ப, அவன் வாயில வால்கொழுப்போட சேத்து என் கையால ஊட்டினேனே, அதுக்குப் பேரு என்ன? அதைத் தின்னுதானே உன்னை என் வீட்டுக்குக் குடுத்தான்? அது இன்னைக்கு உனக்கு விஷமாப் போச்சா?"

சொல்லிக்கொண்டே வீசினார். உச்சார் எழும்பிக் காற்றிலேயே கவ்வியது.

தட்டு கீழே விழுந்தது. கனிஷாய் நாயின் மேல் பாய்ந்தாள். இரண்டு கையையும் தாடைக்குள் விட்டு விரித்தாள். உச்சார் உறுமியது. தெரிந்த கை என்று ஒரு நொடி தயங்கியது, பிறகு ருசி ஜெயித்தது. பல் கையில் இறங்கியது. அவள் விடவில்லை. "உச்சார்! உச்சார்!" என்று கத்திக்கொண்டு ஜிபெக் கூட்டத்துக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"ஜிபெக், கிட்ட வராதே!"

அந்தக் குரலில் பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. கனிஷாய் கடைசித் துண்டுவரை பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். தன் இரத்தமும் ஆட்டு இரத்தமும் முழங்கைவரை வழிந்தன. மாமனார் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். மருமகளாக வந்ததிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"போர்," என்றாள். "பேரு கேட்டீங்களே. போர். என்னை அறுத்தது கறுப்புல இல்ல, போர்ல. போரைப் பச்சையாப் போடாதீங்க. இவளையும் அறுக்கணுமா?"

கொப்பரைக்கு அடியில் விறகு வெடித்தது. ஊல்கான் கேட்கக் கூடாததைக் கேட்டவளாகத் தன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமனார் பேரை," என்றாள் மெதுவாக. "அத்தனை சனத்துக்கு நடுவுல. நாயை வெச்சுக்கிட்டு."

மெலிஸ் முகம் வெளுத்து உள்ளே போனான். வரும்போது கையில் துப்பாக்கி இருந்தது.

"நகரு. இன்னையோட இந்தச் சனியன் ஒழியட்டும்."

"அது என்ன பண்ணிச்சு?" கனிஷாய் நாய்க்கும் குழலுக்கும் நடுவில் நின்றாள். "போட்டதைத் தின்னுச்சு. சுடணும்னா போட்ட கையைச் சுடுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. மெலிஸின் வாய் திறந்தபடி நின்றது. எல்லோரும் கிழவரின் கையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். உள்ளங்கையில் இரத்தம் உறைந்து, ரேகைகளில் கொப்புளத்துத் தண்ணீர் மினுமினுத்தது. பிள்ளை பிறந்தால் முதலில் தூக்குகிற கை. ஜிபெக்குக்குத் தினமும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுக்கிற கை.

"துப்பாக்கியை உள்ள வை," என்றார் மகனிடம். பிறகு மருமகளைப் பார்க்காமல், கொப்பரையைப் பார்த்துச் சொன்னார்: "என் பேரைச் சொன்ன வாய் இனி எனக்கு டீ ஊத்த வேண்டாம். என் நாய்க்கு உலையும் வைக்க வேண்டாம்."

வெந்நீர்ப் பானையடியில் போய்க் கை கழுவினார். சாம்பல் போட்டு, மறுபடி சாம்பல் போட்டு, வெகுநேரம் கழுவினார்.

கனிஷாய் கல்லீரலை நெருப்பில் போட்டாள். கொப்புளங்கள் ஒவ்வொன்றாகச் சீறி வெடித்தன. வந்தவர்கள் வறுவலை அவசரமாகத் தின்றுவிட்டுப் போனார்கள். வழக்கமான ஆசீர்வாதத்தைக்கூட ஈசாபெக் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

போர்தோஷ் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு, கோடையில் சமைக்கிற கொட்டகைக்குக் குடி போனார். உச்சாரும் போனது. பெரிய மகன் வீட்டிலிருந்து ஊல்கான் அவருக்கு டீயும் ரொட்டியும் கொண்டுபோனாள். போகும்போதும் வரும்போதும் கனிஷாயின் ஜன்னலுக்கு நேராக நின்று, "பெத்த மகன் வீட்டுல சுவர் இருக்கு, அடுப்பு இருக்கு, கிழவர் மட்டும் பனியில" என்று காற்றிடம் சொன்னாள். மெலிஸ் பெண்டாட்டியோடு பேசுவதை நிறுத்தினான். லாரி வாடகை தூரமாகக் கிடைத்தால் சந்தோஷப்பட்டான்.

கனிஷாய்க்கு அதெல்லாம் கூட உறைக்கவில்லை. கொட்டகைக்குள் நாய் எதைத் தின்கிறது என்பதுதான் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஜிபெக்கிடம் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றாள். ஜிபெக் அழுதாள், அம்மா அசந்த நேரம் போனாள்.

ஒரு நாள் காலை தகர வாளி காணாமல் போயிருந்தது. கொட்டகைப் புகைபோக்கியில் வறட்டிப் புகை வந்தது. கனிஷாய் சாணம் அள்ளுகிற சாக்கில் அந்தச் சுவரோரம் போனாள்.

"உச்சார்," என்று உள்ளேயிருந்து கிழவரின் குரல் கேட்டது, வெளியே நிற்பவளுக்குக் கேட்கிற உரத்தில். "சுவர்ல காது வெச்சு நிக்கிறவகிட்டச் சொல்லு, வறட்டி ஈரமா இருக்குன்னு. ஈர வறட்டியில எது வேகும்?"

கனிஷாய் போய்க் காய்ந்த வறட்டி ஒரு கூடை கொண்டுவந்து வாசலில் வைத்தாள். கூடையைப் பார்த்து, "உச்சார், நுரையீரலைக் கிழிச்சுப் போடச் சொல்லு. முழுசாப் போட்டா உள்ள வேகாது," என்றாள்.

"கிழிச்சுத்தான் போட்டிருக்குன்னு சொல்லு. எனக்குக் கண்ணு இருக்குன்னும் சொல்லு."

"மாவைக் கொழுப்புல வறுக்கணும்னு சொல்லு."

"நாயைக் கெடுத்து வெச்சிருக்கா, மூதேவி. வறுக்காட்டி திங்கமாட்டேங்குதுன்னு சொல்லு."

நாய் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் குளிர்காலம் முழுவதும் அவர்களுக்குள் ஒரு வார்த்தை போகவில்லை. எதிரே வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவளும் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். நரி வேட்டைக்குப் போய் உச்சார் நரியோடு திரும்பிய நாளில் ஊரே பார்க்க வந்தது. "வெந்ததைத் தின்னு ஓடற நாயா இது!" என்று ஈசாபெக் வியந்தபோது, "எந்த நாயும் எதைத் தின்னாலும் என் கையில ஓடும்," என்றார் போர்தோஷ். கனிஷாய்க்கு அதில் பங்கு கொடுக்க அவருக்கு மனசில்லை. அவளும் கேட்கவில்லை.

பனி இளகிய ஒரு நாள், அவள் கொட்டகைக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அன்று ஒரு ஆடு அறுத்திருந்தார்கள். உள்ளே வாளியில் கரண்டி சுற்றுகிற சத்தம். ஜிபெக் வழக்கம்போல் ஏய்த்துவிட்டுப் போயிருந்தாள்.

"தாத்தா, என்ன வேகுது?"

கரண்டி நின்றது. 'போர்' என்று தன் பேரின் பாதியைச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அவருடைய பேர், அவருடைய வாய், அவருடைய கொட்டகை. கனிஷாய் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றாள்.

"கறுப்பு," என்றார் போர்தோஷ். "கிட்ட வராதே. இன்னும் வேகல."